தோட்டமே நம் தையற் புத்தகம்

பூத்தையல் என்றதும் நம்மில் பலர் முதலில் தேடுவது ஊசியை அன்று, கார்பன் தாளை. கடையில் வாங்கிய மாதிரிப் புத்தகத்தைத் திறந்து, அதிலுள்ள பூங்கொத்தை அப்படியே துணியில் இறக்கி, அதன்மேல் நூலை ஓட்டிவிடுகிறோம். எங்கள் வீட்டில் பாட்டி இளமையில் தைத்த தலையணை உறை ஒன்று இன்றும் இருக்கிறது. அகன்ற தொப்பியும் குடை போல் விரிந்த பாவாடையும் அணிந்த வெள்ளைக்கார மாது ஒருத்தி, ஆளுயரப் பூச்செடிகளின் நடுவே நிற்கிறாள். தையல் மிக நேர்த்தி. ஆனால் அந்தச் செடி என்ன செடி என்று கேட்டால் பாட்டிக்குத் தெரியாது. அதை அவர் கண்ணால் கண்டதே இல்லை. தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த பவழமல்லியோ, அவர் கையால் எந்தத் துணியிலும் ஏறவில்லை.

மாதிரிப் புத்தகங்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவற்றை வரைந்தவர்களும் எங்கோ ஒரு தோட்டத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற கலைஞர் தம் தோட்டத்து ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பறவைகள் திருடித் தின்பதைக் கண்டு, அந்தக் காட்சியையே 1883-ஆம் ஆண்டில் ஒரு துணி வடிவமாக்கினார். இன்றும் அது புகழ்பெற்றது. அவருடைய மகள் மே மாரிஸ் 1885-இல் தந்தையின் நிறுவனத்தில் பூத்தையல் பிரிவின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 23. நம் அக்காமார் கல்லூரியை விட்டு வெளிவரும் வயது! அவர்கள் தங்கள் தோட்டத்தைப் பார்த்தார்கள். நாமோ அத்தகையோர் வரைந்த தாளைப் பார்க்கிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இவ்வாறு பார்த்தவர்கள் உண்டு. காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு, ருத்ராட்சம், மயில்கண் என்றெல்லாம் பெயர்கள் இருப்பதை அம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள். லக்னோவின் சிக்கன் வேலையில் முர்ரி என்னும் தையல் அரிசி வடிவம். பந்தா என்பது தினை வடிவம். நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைக்கிறார்கள். துணியில் எதையும் வரைந்து கொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். அந்தப் பூவேலைக்கு அவர்கள் மொழியில் புகூர் என்று பெயர். பூ என்பதே அதன் பொருளாம். 2013-ஆம் ஆண்டில் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சரி, தோட்டத்தை எப்படிப் பார்ப்பது? எங்கள் தையல் வகுப்பு சிஸ்டர் சொல்லித் தந்த முதல் பாடம், "அழகாக இருக்கிறது என்று சொல்லாதே, எத்தனை இதழ் என்று சொல்" என்பதாகும். எண்ணத் தொடங்கினால்தான் கண் திறக்கிறது. செம்பருத்திக்கு ஐந்து இதழ்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் நடுவே நீண்டு நிற்கும் தண்டின் நுனியிலும் ஐந்து சிறிய சிவப்புப் பொட்டுகள் உள்ளன என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தண்டுக்குக் காம்புத் தையல், மஞ்சள் மகரந்தத்திற்கும் நுனிப் பொட்டுகளுக்கும் பிரெஞ்சு முடிச்சு. இதில் நாம் யோசித்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. பூவே தையலைச் சொல்லிவிடுகிறது.

பவழமல்லியை மட்டும் காலையில் முதல் மணி அடிக்கும் முன்பே பார்க்கவேண்டும். இரவில் பூத்து விடியலில் உதிர்ந்துவிடும் பூ அது. வெயில் ஏறினால் வாடிவிடும். மரத்தடியில் பொறுக்கிய பூக்களை உள்ளங்கையில் வைத்து எண்ணினால் ஒன்றில் ஆறு இதழ், ஒன்றில் ஏழு. ஒவ்வோர் இதழின் நுனியிலும் சிறிய பிளவு இருக்கும். தரையில் கிடக்கும்போது பெரும்பாலும் வெள்ளை இதழ்கள் மண்ணைப் பார்த்து, ஆரஞ்சு நிறக் காம்பு மேல்நோக்கி நிற்கும். எந்த மாதிரிப் புத்தகமும் ஒரு பூவைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டுவதில்லை. இதழ்களுக்கு லேஸி டெய்ஸி தையல் மிகப் பொருத்தம். தையலின் பெயரில் சீமைப் பூ இருந்தாலும் நம் பவழமல்லி கோபித்துக்கொள்ளாது.

இலைகளில் நாம் செய்யும் தவறு, எல்லா இலைக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு இரு பாதியையும் சமமாக்கிவிடுவது. வேப்பிலை ஒன்றைப் பறித்துப் பாருங்கள். அரிவாள் போல் ஒரு பக்கம் வளைந்திருக்கும். நரம்பின் இரு பக்கமும் சமமாக இராது. அந்தச் சமமின்மையைத் தைத்தால்தான் அது வேப்பிலை. இல்லாவிட்டால் வெறும் இலை. நிறமும் அப்படியே. வேப்பந்துளிர் செம்பு நிறம், மாந்துளிரும் அப்படித்தான். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவந்துவிடும். ஆகவே ஒரே கிளையில் இரண்டு நிறப் பூக்களைத் தைத்தாலும் தவறில்லை. நூலைச் சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சைகள் ஏமாற்றிவிடும்.

எருக்கஞ்செடியை மறந்துவிடாதீர்கள். சுவரோரம் கேட்பாரற்று நிற்கும் அதன் பூவின் நடுவே ஐந்து முனைக் கிரீடம் ஒன்று இருக்கிறது. சாட்டின் தையலுக்கென்றே செய்து வைத்தது போன்ற வடிவம். ஆனால் பறிக்காமல், நின்றபடியே வரைந்துகொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தோட்டத்தில் நம்மைவிடப் பெரிய தையற்காரி ஒருத்தி இருக்கிறாள். தையல்சிட்டைத்தான் சொல்கிறேன். செடியிலேயே இருக்கும் இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சு, நார், சிலந்தி இழை இவற்றைக் கோத்து இழுத்து, இலையைப் பை போல் தைத்து, அதற்குள் கூடு கட்டுகிறது. இலையைக் காம்பிலிருந்து கிள்ளுவதில்லை. அதனால் கூடு பச்சையாகவே இருந்து பிறர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பூ பெரிதாக இருந்தால்தான் துணிக்கு அழகு என்பதும் சரியன்று. சென்ற ஆண்டு சிற்றாலயத்தின் பீடத் துணியில் கோதுமைக் கதிரும் திராட்சையும் தைத்தோம். அவை நற்கருணையின் அடையாளங்கள், மாற்றுவதற்கில்லை. ஓரத்தில் மட்டும் நந்தியாவட்டை வைக்கலாமா என்று கேட்டதற்கு, "வெள்ளைப் பூ எல்லாம் மாதாவுக்கு உகந்ததுதான்" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூ எப்படித் தெரியும் என்று சிலர் கேட்டார்கள். நந்தியாவட்டையின் ஐந்து இதழ்களும் காற்றாடி போல் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். ஒவ்வோர் இதழுக்கும் நூலின் திசையை மாற்றித் தைத்தால், வெளிச்சம் படும் விதமும் மாறி இதழ்கள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. மெழுகுவர்த்தி ஒளியில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகள் சேர்ந்து ஒரு பெரிய துணி தைத்து வருகிறோம். வரும் கோடை விடுமுறையில் கிணற்றடித் தோட்டம் இருக்கும் இடத்தில் புதிய அறிவியல் ஆய்வுக்கூடம் எழ இருக்கிறது. ஆய்வுக்கூடம் நமக்குத் தேவை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பவழமல்லி மரமும் பூவரசும் அங்கே நிற்க முடியாது. தோட்டக்காரத் தாத்தா பவழமல்லி விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். செம்பருத்திக் கிளைகளையும் நட்டுவிட்டார். மரம் வளர்ந்து பூக்கும்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். எனவே கிணற்றடியில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று என்று கைத்தறித் துணியில் வகுத்துக்கொண்டு, ஆளுக்கொன்றாகத் தைக்கிறோம். எண்ணிப் பார்த்ததில் இருபத்திரண்டு செடிகள். அவற்றுள் ஆறுக்கு எங்கள் எவருக்கும் பெயர் தெரியவில்லை, தாத்தாதான் சொன்னார். பெயரைச் சதுரத்தின் கீழே பின் தையலில் எழுதுகிறோம்.

பதினேழு சதுரங்கள் முடிந்துவிட்டன. என் பங்குக்கு வந்தது தொட்டாற்சிணுங்கி. அதன் இளஞ்சிவப்புப் பூப்பந்தை ஒற்றை இழையில் நடுவிலிருந்து சுற்றிலும் நேர்த்தையலாகப் போட்டுவிட்டேன். இலையை விரிந்தபடி தைப்பதா, தொட்டவுடன் மடிந்தபடி தைப்பதா என்பதில்தான் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கிளை விரிந்தும் ஒரு கிளை மடிந்தும் இருக்கட்டும் என்று இறகுத் தையலில் தொடங்கியிருக்கிறேன். மீதிச் சதுரங்களுக்குக் கைகொடுக்க விரும்பும் எட்டாம் வகுப்புத் தங்கைகள், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஊசியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு வரலாம். கார்பன் தாள் வேண்டாம்.