விபத்து மிகுந்த ஓட்டுநரும் வாகனக் காப்பீடும்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வெள்ளறடை. ரப்பர் தோட்டங்களினூடே சாலைகள் ஏறியும் இறங்கியும் வளைந்து செல்கின்றன. பனச்சமூட்டைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். பாறசாலையின் கே.எல்.19 பதிவெண் கொண்ட ஜீப்பும் மார்த்தாண்டத்தின் டி.என்.75 பதிவெண் கொண்ட காரும் இச்சாலைகளில் எதிரெதிரே ஒதுங்கி வழிவிடுவது அன்றாடக் காட்சியாகும். இங்கு அடிக்கடி விபத்துக்குள்ளாகும் ஓட்டுநர் ஒருவர், நிதானமாக ஓட்டும் அண்டை வீட்டாரைவிடக் காப்பீட்டுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலுத்துகிறார்? சட்டம் கட்டாயமாக்கியுள்ள பகுதியைப் பொறுத்தவரை, ஒரு பைசாவும் கூடுதல் இல்லை.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது மூன்றாம் நபர் காப்பீடு நாட்டில் கட்டாயமாயிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதே கடமையை இன்று விதிக்கிறது. இதற்கான கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி நிர்ணயிக்க இயலாது. 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. இங்கே கணக்கில் கொள்ளப்படுவது எஞ்சினின் திறனே. ஓட்டுநரின் வயதோ பழைய குற்றங்களோ அல்ல. பிரிட்டனில் இளம் ஓட்டுநருக்கும் தண்டனை பெற்றவருக்கும் கட்டணம் பன்மடங்கு உயரும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், எந்த நிறுவனமும் ஏற்காத ஓட்டுநர்களை நிறுவனங்களுக்கிடையே பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு உண்டு.

இந்தியாவில் நிறுவனங்கள் ஏற்கத் தயங்கியது தனிநபர்களை அன்று, லாரி போன்ற வணிக வாகனங்களையே. அவற்றின் இழப்பைப் பகிர்ந்துகொள்ள 2007இல் பொது நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. 2012இல் அதன் இடத்தில் மறுக்கப்பட்ட காப்புகளுக்கான நிதியம் வந்தது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது.

ஓட்டுநரின் போக்கு பணமாக வெளிப்படும் இடம் சொந்தச் சேதக் காப்பாகும். இதன் கட்டணம் 2007 ஜனவரி 1 முதல் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. முந்தைய கோரிக்கைகளைப் பார்த்து அவை கட்டணத்தை உயர்த்தலாம். நோ கிளெய்ம் போனஸ் எனப்படும் சலுகையும் இதற்கே உரியது. கோரிக்கையற்ற முதல் ஆண்டுக்கு 20 சதவீதம். பின்னர் 25, 35, 45 என வளர்ந்து ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50 சதவீதத்தை எட்டும். சொந்தச் சேதக் கட்டணம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். ஐந்தாண்டு கவனமாக ஓட்டியவர் 5,000 ரூபாயே செலுத்துவார். 4,000 ரூபாய்ச் செலவுள்ள ஒரு சிறு நசுங்கலுக்காக அவர் இழப்பீடு கோரினால், அடுத்த ஆண்டிலேயே முழுச் சலுகையும் போய், 5,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரிடும். சலுகை மீண்டும் 50 சதவீதத்தை எட்ட மேலும் ஐந்தாண்டு ஆகும். இச்சலுகை வாகனத்துக்கன்றி உரிமையாளருக்கே உரியது. காரை விற்றாலும் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்தால் சலுகை அற்றுப்போகும். பலர் இதை அறியாமலே இழக்கின்றனர்.

இதனினும் பெரிய செலவு ஒன்றுண்டு. உரிமம் இல்லாத உறவினரிடம் ஜீப்பைக் கொடுக்கிறார் ஒருவர்; அது எல்லை கடந்து விளவங்கோடு வட்டத்தில் நடந்து சென்றவர் மீது மோதுகிறது. பாதிக்கப்பட்டவர் விபத்து நிகழ்ந்த இடத்துத் தீர்ப்பாயத்திலோ தாம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலோ வழக்குத் தொடரலாம். மாநில எல்லை அவருக்குத் தடையன்று. இத்தகைய வழக்குகளில் நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்தி, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004ஆம் ஆண்டு ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. மது அருந்தி ஓட்டுவதும் நிறுவனம் எழுப்பத்தக்க மறுப்புக் காரணங்களுள் ஒன்றாக 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. மலிவாகத் தோன்றிய பாலிசி அப்போது உரிமையாளரின் நிலத்தின் மீது கடனாக வந்து நிற்கும்.

பொறுப்புக் காப்பு மட்டும் உள்ள தனியார் வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்வோர் அக்காப்பில் அடங்கார் என 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழியில் கண்டவரை ஏற்றிச் செல்லும் வழக்கமுள்ள மலையோர ஊர்களில் இதை உணர்ந்தோர் குறைவு. முழுமைக் காப்புப் பாலிசி காரில் பயணம் செய்வோரையும் உள்ளடக்கும்.

போக்குவரத்துக் குற்றங்களுக்கேற்பத் தனிக் கட்டணம் விதிக்கும் திட்டத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு 2021இல் முன்வைத்து, டெல்லியில் சோதித்துப் பார்க்கப் பரிந்துரைத்தது. ஓட்டும் தூரத்தையும் முறையையும் பொறுத்துக் கட்டணம் கணக்கிடும் கூடுதல் காப்புகளுக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்தது. இக்கூடுதல் காப்புகள் சொந்தச் சேதக் காப்பு எடுப்போருக்கே பயன்படும். காப்பீடே இன்றி ஓட்டுவோருக்கு 196ஆம் பிரிவு முதல் முறை விதிக்கும் அபராதம் 2,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. 1200 சி.சி. காரின் ஓராண்டுக் கட்டணத்தைவிட அபராதம் குறைவு என்பதே சட்டத்தின் பலவீனம். இத்தகைய வாகனம் மோதி உயிரிழந்தவரின் குடும்பம் உரிமையாளரின் சொந்தச் சொத்திலிருந்தே இழப்பீட்டைத் தேடிப் பெற வேண்டியுள்ளது.