ஆற்றில் இறங்கும்முன் மேலே பாருங்கள்

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்குக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனில் 101ஆம் எண் பேருந்தில் ஏறினால், பத்து ஃபெரிங்கி கடற்கரையைக் கடந்து தெலுக் பஹாங்கில் கொண்டுபோய் விடும். தீவின் வடமேற்கு மூலை அது. அங்கேதான் பினாங்கு தேசியப் பூங்காவின் நுழைவாயில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் காட்டையும் கடலையும் சேர்த்துச் சுமார் 2,500 ஹெக்டர்தான். ஆனால் அந்தச் சிறிய பரப்புக்குள் மலைக்காடு, சிற்றாறு, ஏரி, கடற்கரை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன.

அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு கடலோரப் பாதையில் நடந்தால் சுங்கை துக்குன் என்ற சிற்றாறு வரும். மலையிலிருந்து பாறைகளுக்கு இடையே இறங்கி வரும் நீர் ஆங்காங்கே குளம்போல் தேங்கி நிற்கிறது. மரநிழல், குளிர்ந்த தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் வரை தெரியும் தெளிவு. நடந்து வியர்த்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வானம் நீலமாக இருக்கிறது. மழையே இல்லை. தண்ணீர் முழங்கால் அளவுதான். அப்படியானால் இறங்கலாமா? இந்த ஒரு கேள்விக்கு அறிவியல் என்ன பதில் சொல்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

குளத்தை வெட்டியது யார்?

பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து இறுகியபோது உருவான பாறை அது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மேலிருந்த மண்ணும் கல்லும் அரிக்கப்பட்டுக் கருங்கல் வெளியே வந்தது. அதில் விழுந்த வெடிப்புகளில் மழைநீர் புகுந்து, முதலில் மூலைகளையும் விளிம்புகளையும் சிதைத்தது. அதனால்தான் ஆற்றோரப் பாறைகள் பலவும் உருண்டையாக இருக்கின்றன.

நீர் பாறையிலிருந்து கீழே விழும் இடத்தில் அதன் வேகம் அதிகம். அங்கே சுழலும் நீர், மணலையும் கூழாங்கல்லையும் கருவியாகக் கொண்டு அடிப்பகுதியைக் குடைகிறது. இப்படித்தான் ஆற்றுக்குள் குளங்கள் உருவாகின்றன. இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள்: உருண்ட பாறைகளும் ஆழமான குளங்களும் அந்த இடத்தில் வேகமான நீர் பலமுறை பாய்ந்திருக்கிறது என்பதற்கான தடயங்கள். நாம் போகும் நேரத்தில் அது அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வெயிலடிக்கும்போது வெள்ளம் வருமா?

வரும். நம் நாட்டில் பிற்பகலில் பெய்யும் இடிமழை பெரும்பாலும் சிறிய பரப்பில்தான் பெய்யும். ஒரு வட்டாரம் நனையும்போது பக்கத்து வட்டாரம் காய்ந்து கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மலைப்பகுதியில் இது இன்னும் அதிகம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, மேகமாகி, அங்கேயே மழையைக் கொட்டிவிடும். அடிவாரத்தில் வெயில் காயும்.

ஓர் ஆற்றுக்குள் வடியும் மழைநீர் எந்தப் பரப்பில் விழுகிறதோ அதை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். கூரையில் விழும் மழையெல்லாம் ஒரே தூம்பு வழியாகக் கொட்டுகிறது அல்லவா? ஆறும் அப்படித்தான். நீங்கள் நிற்கும் குளம் அந்தத் தூம்பின் வாய். கூரை மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நீர்ப்பிடிப்புப் பகுதி 1 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். அதாவது 10 லட்சம் சதுர மீட்டர். அங்கே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால்:

10,00,000 × 0.05 = 50,000 கன மீட்டர் நீர்.

காட்டு மண்ணும் சருகும் இதில் பாதியை உறிஞ்சிக்கொள்கின்றன என்று கொண்டாலும் மீதி 25,000 கன மீட்டர். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் கொள்ளளவு 2,500 கன மீட்டர். ஆக, பத்து ஒலிம்பிக் குளத்து நீர் ஒரே சிற்றாற்றின் வழியாக இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது வடிந்தால், ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 7 டன் நீர் உங்களைக் கடந்து போகும். பல நாள் மழைக்குப் பிறகு மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் உறிஞ்சப்படும் அளவு குறையும். ஆற்றுக்கு வரும் அளவு கூடும்.

இதோடு இன்னொன்றும் சேரலாம். விழுந்த மரங்களும் கிளைகளும் மேலே ஓரிடத்தில் அடைத்துக்கொண்டு தற்காலிக அணைபோல் நீரைத் தேக்கும். அது உடையும்போது நீர் சுவர்போல் பாய்ந்து வரும். மலாய்மொழியில் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். தமிழில் காட்டாற்று வெள்ளம் என்கிறோம்.

பினாங்கிலிருந்து வானம் தெளிவாக இருக்கும் நாளில் கடலுக்கு அப்பால் தெரியும் ஜெராய் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டு மாதம் அந்த மலைமேல் பெய்த கனமழை, மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் சுமந்துகொண்டு கெடாவின் யான் பகுதிக்குள் பாய்ந்தது. உயிர்கள் பறிபோயின. மலையில் பெய்த மழையின் விலையை அடிவாரத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

முழங்கால் அளவுதானே?

"நான் நன்றாக நீந்துவேன்" என்று சிலர் சொல்வார்கள். ஓடும் நீரில் நீச்சல் திறமை பெரிதாக உதவாது. காரணம் விசை. ஓடும் நீர் நம் கால்மீது செலுத்தும் விசை, அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு.

அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் ஒருவரின் இரு கால்களும் நீரோட்டத்துக்குக் காட்டும் பரப்பு சுமார் 0.15 சதுர மீட்டர் என்று கொண்டால், தோராயமான கணக்கு இது:

விநாடிக்கு 1 மீட்டர் வேகம்: 75 நியூட்டன். ஏழரை கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம்.
விநாடிக்கு 2 மீட்டர்: 300 நியூட்டன். 30 கிலோ.
விநாடிக்கு 3 மீட்டர்: 675 நியூட்டன். ஏறத்தாழ 68 கிலோ.

விநாடிக்கு 3 மீட்டர் என்பது நிதானமாக ஓடும் ஒருவரின் வேகம்தான். கால் பதித்திருப்பதோ பாசி படிந்த, வழுக்கும் பாறை. போதாக்குறைக்கு நீரின் மிதப்பு விசை உடலைச் சற்றுத் தூக்குவதால் பாதத்தின் பிடிப்பும் குறைகிறது. பெரியவர்களே நிற்க முடியாது.

ஆறு தரும் அடையாளங்கள்

நல்ல வேளையாக, வெள்ளம் வருவதற்குமுன் ஆறு பெரும்பாலும் சில அடையாளங்களைக் காட்டும்.

1. தெளிவாக இருந்த நீர் கலங்கிப் பால் தேநீரின் நிறத்துக்கு மாறும். மேலே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள்.
2. சருகும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வரும்.
3. சற்றுமுன் வெளியே தெரிந்த ஒரு கல் இப்போது நீருக்குள் மறைந்திருக்கும்.
4. நீரின் ஓசை மாறும். மேலேயிருந்து உறுமல்போல் கேட்கும்.
5. மலைப்பக்கம் மேகம் கறுக்கும், இடி கேட்கும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும், உடனே வெளியேற வேண்டும். ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி ஓடக் கூடாது. கரையின் பக்கமாக மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு, கைப்பேசி, உணவுப் பை எதற்காகவும் திரும்பக் கூடாது. எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால், ஆற்றைக் கடக்காமல் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருக்க வேண்டும். அவசர எண் 999.

எளிய பழக்கம் ஒன்று: குளத்தில் இறங்கும்முன் நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். பெரியவர்கள் பேச்சிலும் சாப்பாட்டிலும் மூழ்கியிருக்கலாம். "அப்பா, கல் மறைஞ்சிடுச்சு" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருக்கலாம்.

தெளிவு வேறு, தூய்மை வேறு

காட்டாற்று நீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம், மரவேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைக் கண்ணால் தேட முடியாது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவுகிறது. லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, தோலில் உள்ள சிறு காயம், கண், வாய் வழியாக உடலுக்குள் நுழையும். காலில் கீறல் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம்; ஆற்று நீரை விழுங்கவும் வேண்டாம். குளித்துவிட்டு வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஏற்பட்டால், மருத்துவரிடம் "ஆற்றில் குளித்தேன்" என்று மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி சரியான சிகிச்சைக்கு வழிகாட்டும்.

நாமும் ஆற்றைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். குளத்தின் மேல் ஓடித் திரியும் நீர்ப்பூச்சிகள், நீரின் பரப்பு இழுவிசையால்தான் மூழ்காமல் நிற்கின்றன. சவர்க்காரமும் ஷாம்புவும் அந்த இழுவிசையைக் குறைத்துவிடும். பூச்சியின் காலடியில் தரையே போய்விடும்.

ஒரே ஏரியில் இரண்டு தண்ணீர்

மேற்பரப்பு முழுக் கதையையும் சொல்லாது என்பதற்கு இதே பூங்காவில் இன்னொரு சான்று உண்டு. வேறொரு பாதையில் காட்டுக்குள் சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்தால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரும். ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருப்பது அங்கேதான். கடற்கரைக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. காட்டு ஓடைகளின் நன்னீரும் கடலின் உப்புநீரும் அதில் சேர்ந்தாலும் முழுமையாகக் கலப்பதில்லை. மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடுக்காக நிற்கின்றன. இத்தகைய ஏரிக்கு மெரோமிக்டிக் ஏரி என்று பெயர். பருவத்துக்கு ஏற்ப இதன் நீர் கூடும், குறையும். சில காலம் வற்றியும் கிடக்கும்.

இங்கே ஒரு புதிர். நிழலான காட்டிலிருந்து வரும் மேலடுக்கு குளிர்ச்சியானது. கடலிலிருந்து வந்த கீழடுக்கு வெதுவெதுப்பானது. சூடான நீர் மேலே ஏறும் என்றல்லவா படித்திருக்கிறோம்?

விடை அடர்த்தியில் இருக்கிறது. 25 பாகை செல்சியஸ் நீரை 30 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 1.4 கிராம் குறையும். ஆனால் கடல்நீரில் உள்ள உப்பு ஒரு லிட்டருக்கு 20 கிராமுக்கும் மேல் எடையைக் கூட்டுகிறது. சூடு மேலே தூக்கப் பார்க்கிறது. உப்பு அதைவிடப் பல மடங்கு பலமாகக் கீழே இழுக்கிறது. உப்புதான் வெல்கிறது. அடுக்குகள் கலக்காததால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அடிநீருக்குப் போய்ச் சேர்வதும் கடினம். அது வாழிடமாக இருக்கும் விதமே வேறு. மேலிருந்து பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

கெராச்சுட்டில் கடலில் இறங்க வேண்டாம் என்று வருகையாளர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஜெல்லிமீனும் நீரோட்டமும் காரணம். அமைதியாகத் தெரியும் அலைக்கும் அடியில் ஒரு கதை இருக்கிறது.

செய்து பாருங்கள்

தேவையானவை: கண்ணாடிக் குவளை, உப்பு, உணவுச் சாயம், கரண்டி.

1. அரைக் குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரையுங்கள்.
2. குளிர்ந்த நன்னீரில் சில துளி சாயம் கலந்துகொள்ளுங்கள்.
3. கரண்டியின் முதுகுப்பக்கம் உப்புநீரைத் தொடுமாறு பிடித்து, அதன்மேல் சாயநீரை மிக மெதுவாக ஊற்றுங்கள்.
4. இரண்டு அடுக்கு தெரிகிறதா? அடுத்து, நன்னீரைக் கீழே வைத்து உப்புநீரை மேலே ஊற்றிப் பாருங்கள். என்ன வேறுபாடு?

சிந்தித்துப் பாருங்கள்

1. நீர்ப்பிடிப்புப் பகுதி 2 சதுர கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை. பாதி நீர் ஆற்றுக்கு வந்தால் எத்தனை கன மீட்டர்?
2. நீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டரிலிருந்து 1.5 மீட்டரானால் விசை எத்தனை மடங்கு கூடும்?
3. மலைச்சரிவில் காடு அழிக்கப்பட்டால் கீழேயுள்ள ஆற்றின் நிறமும் வெள்ளத்தின் அளவும் எப்படி மாறும்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இறங்கலாமா? மலைமேல் வானத்தைப் பார்த்து, ஆற்றின் மேற்பகுதியைப் பார்த்து, ஒரு கல்லைக் குறித்து வைத்து, பூங்கா ஊழியர்களிடமும் கேட்டுவிட்டு, பெரியவர் ஒருவர் துணையோடு இறங்கலாம். அன்று ஆறு வேண்டாம் என்று சொன்னால், கரையில் உட்கார்ந்து நீர்ப்பூச்சிகளை எண்ணுவதும் நல்ல விடுமுறைதான்.

(விடைகள்: 1. 30,000 கன மீட்டர். 2. 2.25 மடங்கு. மூன்றாம் கேள்வியை உங்கள் அறிவியல் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.)