கினிக்கோழிக்கு இரவுக் காவல்

கினிக்கோழி ஆப்பிரிக்காக் கண்டத்துப் பறவையாகும். அக்கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள கினிப் பிரதேசத்தின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. நம் நாட்டில் இசத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் காதம்பரி, சித்தாம்பரி, சுவேதாம்பரி என்னும் வகைகளை விருத்தி செய்துள்ளார்கள். இப்பறவை வெப்பத்தைத் தாங்கும், நோயும் குறைவு. பூச்சிகளையும் புல்விதைகளையும் பொறுக்கித் தன் தீனியில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். ஆகவே மண்டபம் போன்ற மணற்பாங்கான கடலோரக் கிராமங்களில் சிறு குடும்பத்தார் வளர்ப்பதற்கு இது ஏற்றதாகும்.

ஆயினும், திரியவிட்டு வளர்ப்போருக்கு நேரும் நஷ்டத்திற்குப் பெருங்காரணம் நோயன்று, துஷ்டப் பிராணிகளேயாம். சங்கத்தில் கடன் பெற்றுப் பத்துப் பறவைகள் வாங்கிய ஒருவர் ஓரிரவில் ஆறு பறவைகளை இழப்பாராயின், பறவை போய்விடும்; கடன் மாத்திரம் கணக்கில் நிற்கும். இந்நஷ்டம் பெரும்பாலும் தடுக்கக்கூடியதே.

பகைகளும் அடையாளங்களும்

பகலில் கினிக்கோழி தனக்குத் தானே நல்ல காவற்காரன். பாம்பையோ அந்நிய நாயையோ கண்டால் கூட்டமாக நின்று ஓயாது கூவும். இரவிலோ அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மரக்கிளையில் உட்கார்ந்தபடியே அகப்பட்டுக்கொள்ளும். உயரமான மரமே போதுமென்று எண்ணுதல் தவறு. பனையேறிக் கலயத்துப் பதநீரைக் குடிக்கும் மரநாய்க்கு அக்கிளை எட்டாத இடமன்று.

நஷ்டம் நேர்ந்தவிடத்தைக் கவனித்தால் பகை இன்னதென்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பறவை முழுதும் காணாமற்போய்ச் சில இறகுகளே கிடந்தால் நரியாக இருக்கலாம். பல பறவைகள் தின்னப்படாமல் கடியுண்டு கிடந்தால் தெருநாய்களின் செயலெனக் கொள்ளலாம். ஓடு சிறிதுமின்றி முட்டைகள் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. துளையிட்ட ஓடுகள் சிதறிக் கிடந்தால் காகம். குஞ்சுகள் பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் பருந்து, வல்லூறு, கீரி இவற்றை ஐயுற வேண்டும்.

கொட்டகை

முதற்காவல் இரவுக் கொட்டகையே. பறவை ஒன்றுக்கு 3 சதுர அடி இடம் வேண்டும். பனஞ்சட்டங்களும் ஓலைக்கூரையும் போதுமானவை. மழைக்காலத்து வாடைக்காற்றும் சாரலும் தாக்காதபடி வாசலை வடகிழக்கு நோக்கி வைக்கலாகாது. பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். அகன்ற கண்ணுள்ள வலையில் கீரி நுழையும். மணலைத் தோண்டுதல் நரிக்கும் நாய்க்கும் எளிது. ஆதலால் கம்பிவலையை ஓரடி ஆழம் புதைத்து, அடியில் வெளிப்புறமாக மடித்துக் கல் பரப்புதல் நலம். உள்ளே 4 அடி உயரத்தில் உட்காரும் கழிகள் கட்ட வேண்டும். கொட்டகையைச் சுற்றி 30 அடி தூரம் சீமைக்கருவேல் புதர் இல்லாதிருக்கச் செய்தல் அவசியம். பகைகள் பதுங்குமிடம் அதுவே.

பழக்குதல்

கொட்டகை கட்டிவிட்டால் மாத்திரம் போதாது. பறவை அதனுள் வரவேண்டும். புதிதாக வாங்கிய பறவைகளை முதல் ஆறு வாரம் உள்ளேயே வைத்து வளர்த்தல் வேண்டும். பின்னர் முதலில் இரண்டு மூன்றை மாத்திரம் திறந்துவிட்டால், உள்ளிருக்கும் கூட்டத்தை விட்டு அவை வெகுதூரம் போகமாட்டா. நாள்தோறும் சூரியன் அஸ்தமிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, தகரத்தைத் தட்டி ஓசை செய்து, உள்ளே கம்பு இறைக்க வேண்டும். அவ்வோசைக்கும் தீனிக்கும் பழகிய பறவை தானே வந்து சேரும். இருட்டிய பின் துரத்திப் பிடிக்க முயல்வது வீண் சிரமம்.

முட்டையும் குஞ்சும்

பெட்டை புதரில் மறைவாக முட்டையிட்டு, அங்கேயே இரவும் பகலும் அடைகாக்கும். அந்நாட்களில் நரிக்கு இரையாகும் பெட்டைகள் பல. பெரும்பாலும் நண்பகலையொட்டி முட்டையிடுமாதலால், முட்டைக்காலத்தில் அவ்வேளை கழியும்வரை கொட்டகையிலேயே வைத்திருத்தல் நலம். முட்டைகளை நாட்டுக்கோழியிடம் அடைவைக்கலாம். நாட்டுக்கோழி முட்டை 21 நாளில் பொரியும். கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். ஆகவே இடையில் எழுந்துவிடாத நிதானமுள்ள கோழியையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

குஞ்சுகளைப் பனியும் ஈரமும் எளிதிற் கொல்லும். ஆறு வாரம்வரை உலர்ந்த அடைப்பில் வைத்தல் வேண்டும். கடலுக்குதவாத பழைய மீன்வலையை அடைப்பின்மேல் தளர்வின்றி இழுத்துக் கட்டினால் பருந்தும் காகமும் அணுகா. தொங்கும் நூலில் கால் சிக்குமாதலால் அறுந்த இழைகளை வெட்டிவிட வேண்டும். ஆனால் மீன்வலை பகற்காவலே. கீரி அதைக் கடித்தறுக்கும். ஆகவே குஞ்சுகளும் இரவில் கம்பிவலைக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

விஷம் வைத்துப் பகைகளைக் கொல்ல ஒருவரும் எண்ணலாகாது. நரி, கீரி, உடும்பு முதலியவை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குட்பட்டவை. மேலும், வைத்த விஷம் ஆட்டையும் வீட்டு நாயையும் மயிலையும் சேர்த்தே கொல்லும். வயல் எலிகளைத் தின்று நரி குடியானவனுக்குச் செய்யும் உதவியும் சிறிதன்று.

ஒருவர் மாத்திரம் காவல் செய்து அடுத்த வீட்டார் அசட்டையாயிருந்தால் பிரயோஜனமில்லை. மீன் கழிவுகளைக் கரையிலும் தெருவிலும் எறிவதாலேயே நாய்களும் காகங்களும் பருந்துகளும் ஊருக்குள் கூடுகின்றன. அக்கழிவுகளைத் தென்னையடியில் ஆழப் புதைத்தால் மரத்திற்கு எருவாகும், பகைகளும் குறையும். இதை அங்கத்தினர் யாவரும் ஒன்றுகூடித் தீர்மானித்து நடத்தலாம். கம்பிவலையைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் செலவும் சுருங்கும்.

பறவை வாங்குவதற்குமுன் கொட்டகை கட்டுக. கடன் மனுவில் பறவையின் விலையோடு கொட்டகைச் செலவையும் சேர்த்தே கணக்கிடுக. பகலெல்லாம் கூவி வீட்டைக் காக்கும் பறவையை இரவில் வீட்டார் காத்தல் முறையாகும்.