விரிசலை விட்டுவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. முனைவர் பட்ட வைவா முடிந்து, கல்லூரியில் உதவிப் பேராசிரியராகவும் சேர்ந்துவிட்டாய். வீட்டில் எல்லோருக்கும் பூரிப்பு. உனக்கு மட்டும்தான் நிம்மதி இல்லை. ஸ்கோபஸ் பட்டியலிலுள்ள இதழ்களில் வருடத்துக்கு இத்தனை பேப்பர் வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் மெஷின் லேர்னிங் பக்கம் போய்விட்டார்கள். அலுமினிய வெல்டிங்கில் விரிசல் வளர்வதை இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது, தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். மாற்றாதே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மெக்கானிக்ஸ் துறையில் நல்ல வேலை பெரும்பாலும் தாமதமாகத்தான் படிக்கப்படுகிறது. நீ அளந்துகொண்டிருக்கும் விரிசலின் கதையே அதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஏ.ஏ. கிரிஃபித் என்ற இளைஞர் வேலை பார்த்தார். மேலே விழுந்த கீறல் ஒரு பொருளின் வலிமையை ஏன் இவ்வளவு குறைக்கிறது என்பது அவர் கேள்வி. நீள்வட்டத் துளையின் முனையில் தகைவு எத்தனை மடங்கு ஏறும் என்று 1913-லேயே இங்லிஸ் என்பவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்குப்படி துளையின் வடிவம்தான் முக்கியம், அளவு அல்ல. நடைமுறையிலோ சின்னக் கீறலைவிடப் பெரிய கீறலே ஆபத்தாக இருந்தது. வேறொருவர் என்றால் சோதனையில் பிழை என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போயிருப்பார். கிரிஃபித் அங்கேயே நின்றார். தகைவை விட்டுவிட்டு ஆற்றலைக் கணக்கெடுத்தார். விரிசல் நீளும்போது பொருளுக்குள் சேர்ந்திருந்த மீட்சி ஆற்றல் விடுபடுகிறது. புதிய மேற்பரப்பு உண்டாக ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை மிஞ்சினால் விரிசல் ஓடும். கண்ணாடியில் சோதித்துப் பார்த்து 1921-ல் வெளியிட்டார். கண்ணாடிக்குச் சரி, எஃகுக்கு ஒத்துவரவில்லை என்று பொறியாளர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

பிறகு உலகப்போர் வந்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத நீரில் கட்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே நடுவில் பிளந்தது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நிற்க வாய்ப்புண்டு. வெல்டிங் செய்த கப்பலோ முழுக்க ஒரே துண்டு. குளிரில் நொறுங்கும் எஃகில் விரிசலைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்களிலும் இதே தொல்லை. வாஷிங்டனில் கடற்படை ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் இர்வின் கிரிஃபித்தின் ஆற்றல் கணக்கை மறுபடி கையிலெடுத்தார். விரிசல் முனையில் உலோகம் நிரந்தரமாக உருமாறச் செலவாகும் ஆற்றலையும் சேர்த்தால் எஃகுக்கும் அது பொருந்தும் என்று காட்டினார். நீ தினமும் எழுதும் தகைவுச் செறிவுக் காரணி, அந்த 'கே', 1957-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் உருப்பெற்றது. கிரிஃபித்துக்கும் அதற்கும் 36 வருட இடைவெளி.

பால் பாரிஸின் கதை உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் போன மாதம் உன் பேப்பர் திரும்பி வந்ததற்கு நீ மிகவும் உடைந்துபோனாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். ஒவ்வொரு பளுச் சுற்றிலும் விரிசல் எவ்வளவு நீள்கிறது என்பதைக் 'கே'யின் ஏற்ற இறக்கம் தீர்மானிக்கிறது என்று பாரிஸ் எழுதியதை முன்னணி ஆய்விதழ்கள் மூன்று திருப்பி அனுப்பின. கடைசியில் 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய ஒரு சிறிய பத்திரிகையில் வந்தது. இன்று விமானத்தின் ஓர் உறுப்பை எத்தனை முறை பறந்தபின் சோதிக்க வேண்டும் என்று நாள் குறிப்பவர்கள் அந்த விதியை நம்பித்தான் குறிக்கிறார்கள்.

டச்சுக்காரரான கோய்ட்டர் பாரிஸைவிட அதிகம் காத்திருந்தார். நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது எழுதிய ஆய்வேட்டை, போர் முடிந்த கையோடு 1945-ல் டெல்ஃப்ட்டில் சமர்ப்பித்தார். டச்சு மொழியில் எழுதியது. மெல்லிய உருளைக் கூடு அச்சுப்பளுவில் நெளியும்போது, கணக்கு சொல்லும் பளுவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாங்காமல் போவதுண்டு. அது ஏன் என்பது பல வருடப் புதிராக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு கோணல்கூட வலிமையை எப்படிச் சரிக்கிறது என்பதை அவர் கணித வடிவில் நிறுவினார். ராக்கெட் கூடுகளைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் உலகம் அந்த ஆய்வேட்டைத் தேடியது. நாசா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது 1967-ல். இடையில் 22 வருடம். கேள்வி உயிரோடு இருந்ததால் பதிலும் உயிரோடு இருந்தது.

உன் கேள்வியும் அப்படிப்பட்டதுதான். வெல்டிங்கின் ஓரத்தில் தங்கிவிட்ட எச்சத் தகைவு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குட்டி விரிசலை என்ன செய்கிறது? குட்டி விரிசல்கள் பாரிஸ் விதி சொல்வதைவிட வேகமாக வளர்வது எல்லோரும் அறிந்தது. உன் அலுமினியத்தில், உன் வெல்டிங்கில் எவ்வளவு வேகம் என்பதை யாராவது உட்கார்ந்து அளந்தாக வேண்டும். ரயில் பெட்டியும் படகும் எரிவாயுத் தொட்டியும் அலுமினியத்தில் வெல்டிங் செய்யப்படும் வரை இந்தக் கேள்வி பழசாகாது.

மெஷின் லேர்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறர் வெளியிட்ட எண்களைத் திரட்டி, ஒரு மென்பொருளில் ஓட்டி, 98 சதவீதம் பொருந்துகிறது என்று எழுதும் பேப்பர்தான் வேண்டாம் என்கிறேன். உன் லேபில் நீயே எடுத்த அளவுகள் சில நூறு சேர்ந்தபின் அந்தக் கருவியைத் தாராளமாக எடுத்துக்கொள். அப்போது அது எங்கே தப்பாகச் சொல்கிறது என்று உனக்குத் தெரியும்.

அளவுகளை நீயே பார். ஸ்பெசிமனை மாணவர்கள் மாட்டட்டும், இயந்திரத்தை டெக்னீஷியன் ஓட்டட்டும். வரைகோட்டைப் பார்க்கும் கண் உன்னுடையதாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த வுல்ஃப் எல்பர், பளுவுக்கும் இடப்பெயர்ச்சிக்குமான கோடு நேராகப் போகாமல் சற்றே வளைவதைக் கண்டார். பெரும்பாலோர் கருவிக் கோளாறு என்று விட்டுவிடக்கூடிய வளைவு அது. தகடு இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே விரிசலின் இரு முகங்களும் பாதி நேரம் ஒன்றையொன்று தொட்டு மூடியிருக்கின்றன என்பது அதற்கு அர்த்தம். 1970-ல் அவர் அதை வெளியிட்டபின் இந்தத் துறையே வேறு விதமாகக் கணக்குப் போடத் தொடங்கியது.

உங்கள் கல்லூரியில் யு.டி.எம். என்ற பொதுச் சோதனை இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது, பளுவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் களைப்புச் சோதனை இயந்திரம் இல்லை என்கிறாய். தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் களைப்பு, முறிவுச் சோதனைக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. முறைப்படி எழுதிக் கேள். கேட்கத் தயங்கியே பலருடைய ஆராய்ச்சி நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பேப்பர் கணக்கை நீ அலட்சியப்படுத்த முடியாது, வேலை அதில் தொங்குகிறது. வருடத்துக்கு ஒன்று, மனசாட்சியோடு எழுது, முடிந்தால் இரண்டு. பணம் கட்டினால் பெயர் சேர்க்கிறோம் என்று வரும் அழைப்புகளுக்குப் பதில்கூட அனுப்பாதே. நீ தொடாத வேலையில் உன் பெயர் வரக்கூடாது, எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

முதலாமாண்டு வகுப்பு ஆராய்ச்சி நேரத்தைத் தின்கிறது என்று நீ எழுதியதில் எனக்குச் சற்று வருத்தம். டிமோஷென்கோவை நினைத்துப் பார். கீவ் பாலிடெக்னிக்கில் பேராசிரியராக இருந்தவரை, அரசின் கல்விக் கொள்கையை எதிர்த்ததற்காக 1911-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, ஸாக்ரெப் வழியாக 1922-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது வயது 43. ஆங்கிலம் சரளமாக வராது. பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் சேர்ந்து, வேலை முடிந்து வந்த இளம் பொறியாளர்களுக்கு மீட்சியியல் பாடம் நடத்தினார். அந்த வகுப்புகளிலிருந்து 1925-ல் ஒரு புத்தகம் வந்தது. பிறகு மிச்சிகனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் பாடம் நடத்தியபடியே எழுதிய புத்தகங்களில்தான் நானும் படித்தேன், நீயும் படித்தாய். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகளுக்கு விசைப்படம் வரையப் பொறுமையாகக் கற்றுக்கொடு. சூத்திரத்தைப் பலகையில் எழுதும் முன், கட்டையைத் தனியே பிரித்து, அதன்மேல் யார் யார் தள்ளுகிறார்கள் என்று கேள். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மீதிப் பாடம் வந்துவிடும்.

ஒரே கேள்வியில் இருந்தால் முடங்கிப்போவேனோ என்று பயப்படுகிறாய். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் பி.டெக். முடித்த சுப்ரா சுரேஷ் உலோகக் களைப்பில்தான் ஊறினார். 1991-ல் அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் துறையின் ஆதார நூலாயிற்று. அதே மனிதர் பின்னர் எம்.ஐ.டி.யில், மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு எவ்வளவு விறைக்கிறது என்று ஒளி இடுக்கியால் இழுத்து அளக்கும் ஆராய்ச்சிக்குப் போனார். சுமார் 8 மைக்ரான் அகலமுள்ள அந்த அணு, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களில் நெளிந்து நுழைய வேண்டும், விறைத்தால் அடைபடும். ஒரு விஷயத்தை அடிவரை படித்தவருக்கு அடுத்த துறை அந்நியமாகத் தெரிவதில்லை.

எஸ்.இ.ஆர்.சி.க்கு எழுதும் கடிதத்தை இந்த வாரமே தயார் செய். திரும்பி வந்த பேப்பரையும், மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்புகளையும் ஒரு வரி விடாமல் எனக்கு அனுப்பு. பொங்கலுக்கு நீ வரும்போது உட்கார்ந்து திருத்துவோம். மூல அளவுகளின் கோப்பையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
பெரியப்பா