சேற்றிலிருந்து இழுத்தெடுத்த பிக்கப் வண்டியின் அடிச்சட்டகத்தைச் சோதித்தலும் திருத்தலும்

பெரும்போக மழை தொடங்கியதும் நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் செல்லும் மண்பாதைகள் இளகிவிடுகின்றன. பசளை ஏற்றிச் செல்லும்போதோ, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதோ பிக்கப் வண்டி சேற்றிற் புதைவது கமக்காரர் பலரும் அறிந்த தொல்லையாகும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலுள்ளது போன்ற கரிய களிமண், ஈரமானபின் சில்லைப் பற்றிக்கொண்டு எளிதில் விடமாட்டாது. அவ்வேளையில் அயலிலுள்ள உழவு இயந்திரத்தை அழைத்து, அகப்பட்ட இடத்திற் சங்கிலியைப் பூட்டி இழுப்பதே வழக்கமாக இருந்துவருகின்றது.

வண்டி கரையேறியதும் தொல்லை தீர்ந்ததென எண்ணுதல் தவறு. புதைந்த வண்டியின் அடிச்சட்டகம் சேற்றினாற் கெடுவது அரிது. இழுத்த முறையினாலேயே அது பெரும்பாலும் கெடுகின்றது. அக்கேடு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பின்னொருநாள், முழுச்சுமையோடு விடியுமுன் சந்தைக்குச் செல்லும் வழியில் அது வெளிப்படுமாயின், சுமை மட்டுமன்றி உயிரும் போகக்கூடும். ஆதலின் இழுத்தெடுத்த வண்டியை மறுபடியும் சுமையேற்றுமுன் அளந்து சோதித்தல் இன்றியமையாதது.

அடிச்சட்டகம் என்பது யாது?

வண்டியின் கீழே முன்னிருந்து பின்வரை நீண்டு செல்லும் இரண்டு உருக்கு விட்டங்களும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் சட்டங்களும் சேர்ந்ததே அடிச்சட்டகமாகும். இதனை மக்கள் ‘சேசி’ என்பர். படுக்கவைத்த ஏணி ஒன்றை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு விளங்கும். எஞ்சின், சாரதி அறை, சுமைப்பெட்டி, வில்தகடுகள் யாவும் இதன்மேலேயே பொருத்தப்பட்டுள்ளன. வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ வண்டிக்கு அடிச்சட்டகம் அப்படியே.

சட்டகம் கெடுவதற்கான காரணங்கள்

முதலாவது காரணம் மிகையான பாரம். இராணுவ வாகனங்களை மீட்போர் ஒரு கணக்கைக் கைக்கொள்வர். சில்லளவு புதைந்த வாகனத்தின் தடை ஏறத்தாழ அதன் நிறைக்குச் சமம். மட்காட்டளவு புதைந்தால் அது இருமடங்கு. சாரதி அறையளவு புதைந்தால் மும்மடங்கு. வெறும் வண்டி 1,800 கிலோகிராமும் சுமை 1,000 கிலோகிராமும் எனக் கொள்வோம். மட்காட்டளவு புதைந்த இவ்வண்டியைச் சுமையோடு இழுக்க 5,600 கிலோகிராம் இழுவை வேண்டும். சுமையை இறக்கிவிட்டால் 3,600 போதும். இறக்கிய ஒவ்வொரு மூடையும் சட்டகத்துக்குச் செய்த உதவியாகும்.

இரண்டாவது காரணம் வெட்டியிழுத்தல். 2,000 கிலோகிராம் நிறையுள்ள உழவு இயந்திரம் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிவந்து சங்கிலியை இழுக்கின்றது எனக் கொள்வோம். அது 10 சதமமீற்றர் தூரத்துள் நிறுத்தப்படின், சங்கிலியில் விழும் சராசரி இழுவை ஏறத்தாழ 7,800 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும். சங்கிலி நீளாதாகையால் அந்த அடி முழுவதும் சட்டகத்திற் சென்று விழுகின்றது.

மூன்றாவது காரணம் ஒருபக்கத்தில் மாத்திரம் பூட்டி இழுத்தல். இதனால் ஒரு விட்டம் முன்னே நகர, மற்றது பின்தங்கி, சட்டகம் சரிந்த பாய்போல் மூலைகோணிவிடும்.

நான்காவது காரணம் துரு. மியூறியேற்றுப் பொட்டாசு முதலிய பசளைகள் சிந்தி, ஈரத்தோடு சேர்ந்து விட்டத்தினுள்ளே தங்கினால் உருக்கு உள்ளிருந்தே அரிபடும். அரிபட்ட சட்டகம் சிறிய இழுவைக்கும் தாங்காது.

இழுத்தெடுக்கும் முறை

1. சுமை முழுவதையும் இறக்குக.
2. சில்லுகளுக்கு முன்னுள்ள சேற்றை மண்வெட்டியால் வெட்டிச் சரிவான வழி அமைத்து, பலகையோ தடித்த கிளைகளோ இடுக. அச்சின் கீழ் அடைந்துள்ள சேற்றையும் அகற்றுக.
3. இழுப்பதற்கெனத் தயாரிப்பாளர் சட்டகத்தில் அமைத்த கொளுக்கிகளிலேயே பூட்டுக. இரண்டு இருப்பின், இரண்டிலும் பூட்டி இழுவையைப் பகிர்ந்துவிடுக. பம்பரிலோ, அச்சிலோ, இழுவைப் பெட்டி பூட்டும் குமிழிலோ பூட்டலாகாது. குமிழ் முறிந்து பறந்ததால் ஆட்கள் இறந்த நிகழ்ச்சிகள் பிறநாடுகளிற் பதிவாகியுள்ளன.
4. கயிறு இறுகும்வரை உழவு இயந்திரத்தை மெல்ல நகர்த்தி, பின்னர் நேர்கோட்டில் ஒரே சீராக இழுக்க. ஓடிவந்து இழுக்கலாகாது. இரண்டு முறை முயன்றும் அசையாவிடின், நிறுத்தி மீண்டும் சேற்றை வெட்டுக.
5. கயிற்றின் நடுவே நனைந்த சாக்கொன்றைப் போடுக. கயிறு அறுந்தால் அதன் வீச்சு குறையும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்கலாகாது. சிறுவரை அப்பாற் படுத்துக.

நீங்களே செய்யத்தக்க சோதனைகள்

முதலில் வண்டியைக் கழுவுக. விட்டங்களின் துளைகளினூடாகவும் நீர் பாய்ச்சிச் சேற்றைக் களைக. பின்னர், நெல் உலர்த்தும் சீமெந்துத் தளம் போன்ற மட்டமான இடத்தில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க. ஜக்கில் மாத்திரம் தங்கிநிற்கும் வண்டியின்கீழ் ஒருபோதும் நுழையலாகாது.

கண்ணாற் காணல்: சாரதி அறைக்கும் சுமைப்பெட்டிக்கும் இடையேயுள்ள வெளி மேலும் கீழும், இடமும் வலமும் ஒத்திருக்கின்றதா? கதவுகள் முன்போல் இலகுவாகச் சாத்தப்படுகின்றனவா? விட்டத்தில் எங்கேனும் வர்ணம் நொருங்கி உதிர்ந்துள்ளதா? உருக்கு வளைந்த இடத்திலே வர்ணம் முதலில் வெடிக்கும். தறையாணிகளைச் சுற்றித் துருத்தூள் படிந்திருப்பின் அவை தளர்ந்துவிட்டன என அறிக.

சில்லிடைத் தூரம் அளத்தல்: முற்சில்லுகளை நேராக நிறுத்தி, இடப்பக்க முற்சில்லின் நடுவிலிருந்து அப்பக்கப் பிற்சில்லின் நடுவரை அளக்க. வலப்பக்கத்தையும் அவ்வாறே அளக்க. இரண்டும் வேறுபடின் சட்டகத்தைக் குறைகூறுமுன், பின்அச்சைத் தாங்கும் வில்தகடுகளின் நடு ஆணி முறிந்துள்ளதா எனப் பார்க்க. அது முறிந்து அச்சு நகர்ந்திருப்பின் திருத்தம் எளிது.

மூலைவிட்டம் அளத்தல்: இதுவே தலையாய சோதனை. இரு விட்டங்களிலும் ஒத்த இடங்களில் தொழிற்சாலையில் இட்ட துளைகள் உண்டு. முன்பக்கத்தில் ஒரு சோடியையும் பின்பக்கத்தில் ஒரு சோடியையும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் புள்ளியைத் தளத்தில் வெண்கட்டியாற் குறிக்க. வண்டியைத் தள்ளி அகற்றிவிட்டு, முன் இடப்புள்ளியிலிருந்து பின் வலப்புள்ளிக்கும், முன் வலப்புள்ளியிலிருந்து பின் இடப்புள்ளிக்கும் அளக்க. சட்டகம் முன்னே ஒடுங்கிப் பின்னே அகன்றிருப்பினும், இருபக்கமும் ஒத்திருப்பதால் இவ்விரு நீளங்களும் சமமாதல் வேண்டும். கையால் அளக்கையில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தவறுவது இயல்பு. ஒன்று 2,312 ஆகவும் மற்றது 2,326 ஆகவும் இருப்பின், 14 மில்லிமீற்றர் வேறுபாடு அளவைத் தவறன்று; சட்டகம் மூலைகோணியுள்ளது.

முறுக்குச் சோதனை: ஒரே நீளமான இரண்டு நேரிய கம்புகளை எடுக்க. ஒன்றை முன்பக்கத்திலும் மற்றதைப் பின்பக்கத்திலும் விட்டங்களின் குறுக்கே, சம நீளமான கம்பிகளால் தொங்கவிடுக. பின்னே குனிந்து நின்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்க. இரு கம்புகளும் இணையாகத் தோன்றின் முறுக்கில்லை. ஒன்றின் முனை உயர்ந்து தோன்றின் சட்டகம் முறுகியுள்ளது. தச்சர் நீண்ட மரத்தின் முறுக்கை அறியும் முறையும் இதுவே.

வெடிப்புச் சோதனை: ஐயமான இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிதுநேரம் விடுக. நன்றாகத் துடைத்தபின் வெண்கட்டித் தூளைப் பூசுக. வெடிப்பிருப்பின் அதனுட் புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையில் ஒரு கருங்கோடாகத் தோன்றும். கொளுக்கிகளின் அடியையும், குறுக்குச் சட்டங்களின் மூட்டுகளையும், வில்தகடு தாங்கிகளையும் சிறப்பாகச் சோதிக்க.

வேலைத்தலத்திற் செய்யவேண்டிய திருத்தம்

வளைவு கண்டால் வண்டியை ஓட்டாது, சட்டகம் நிமிர்த்தும் கருவியும் அளவுகோலும் உள்ள வேலைத்தலத்துக்கு ஏற்றிச் செல்க. வேலை உங்களுடையதன்று, எனினும் அது முறையாக நடைபெறுகின்றதா என அறிந்திருத்தல் உங்கள் கடமையாகும். காப்புறுதி செய்திருப்பின், வேலை தொடங்குமுன் அவர்களுக்கு அறிவிக்க.

நிமிர்த்தல்: சட்டகத்தைப் பல இடங்களில் இறுகக் கட்டி, வளைத்த விசைக்கு எதிர்த்திசையில் நீரியல் இழுவையாற் சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வோர் இழுவைக்குப் பின்னும் அளத்தல் வேண்டும். உருக்கு சற்றே பின்வாங்கும் இயல்புடையது. ஆதலின் வேண்டிய அளவுக்குச் சிறிது மேலாக இழுத்து விடுவர். தயாரிப்பாளரின் கைந்நூலிற் கூறிய அளவே முடிவானது. பற்பல வண்டிகளின் விட்டங்கள் மிகுவலி உருக்காலானவை. தீயாற் சிவக்கக் காய்ச்சினால் அவ்வலிமை அழியும். கைந்நூல் அனுமதியாதவிடத்துக் காய்ச்ச விடலாகாது.

வெடிப்பை ஒட்டுதல்: வெல்டிங் எனப்படும் உருக்கியொட்டு வேலைக்குமுன் பற்றரியின் இரு முனைகளையும் கழற்றுதல் வேண்டும், அன்றேல் வண்டியின் மின்னணுக் கருவிகள் பழுதாகலாம். எரிபொருட் குழாய், பிறேக் குழாய், மின்கம்பி ஆகியவற்றை அப்புறப்படுத்தி, ஒட்டியுள்ள வைக்கோலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் களைதல் வேண்டும். வெடிப்பு மேலும் ஓடாதபடி அதன் முனைக்குச் சற்று அப்பால் 5 அல்லது 6 மில்லிமீற்றர் துளையிட்டு, வெடிப்பை முழு ஆழத்துக்கும் சாய்வாகத் தீட்டி, உலர்ந்த, ஐதரசன் குறைந்த வகைக் குச்சியால் ஒட்டுதல் முறையாகும். தீட்டாது மேலாகப் பூசிய ஒட்டு, கிழிந்த சாக்கில் ஒட்டிய கடுதாசி போன்றது.

வலுத்தகடு வைப்பதாயின், அது விட்டத்தின் கனத்துக்கு மேற்படாததாகவும் முனைகள் ஒடுங்கியதாகவும் இருத்தல் வேண்டும். சதுரமாக வெட்டிய தகட்டின் ஓரத்தில் இழுவை குவிந்து, புதிய வெடிப்பு அங்கேயே தொடங்கும். விட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளே வளைவைத் தாங்குவன. அவற்றிற் குறுக்கே ஒட்டுதலும் துளையிடுதலும் தகாது. தளர்ந்த தறையாணிகளை நீக்கி, துளையை இறுக நிரப்பும் உயர்தரப் புரியாணியும் சுரையும் இடலாம்.

திருத்தலாகாதவை

உருக்கு கடுதாசிபோல் மடிந்து கூர்மடிப்பு விழுந்திருப்பின், அதனை நிமிர்த்தியும் பயனில்லை. அப்பகுதியைத் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் வெட்டி மாற்றுதல் வேண்டும். கூரிய சிறு சுத்தியலால் தட்டும்போது உதிர்ந்து துளைவிழும் துருப்பிடித்த விட்டத்தையும் ஒட்டித் திருத்த முடியாது. சட்டகத்திற் பொறித்துள்ள இலக்கம் வண்டியின் பதிவோடு சேர்ந்தது. அதனைத் தீட்டவோ மறைக்கவோ விடலாகாது. முழுச் சட்டகத்தையும் மாற்ற நேரின், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்னரே விசாரித்தறிக.

திருத்தியபின்

மூலைவிட்டங்களை மீண்டும் அளந்து குறித்துவைக்க. சில்லுகளின் நேர்த்தன்மையைச் சரிபார்ப்பிக்க. ஒட்டிய இடத்துக்குத் துருக்காப்பு வர்ணம் பூசி, விட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகுக் காப்புத் தெளிக்க. முதலில் வெறும் வண்டியாகவும், பின் அரைச் சுமையோடும் ஓட்டிப்பார்த்து, ஆணிகளை மீண்டும் முறுக்கியபின்னரே முழுச்சுமை ஏற்றுக. சில கிழமைகளின் பின் மண்ணெண்ணெய்ச் சோதனையை மறுபடியும் செய்க.

கமக்காரரே, ஓர் அளவுநாடா, ஒரு தூக்குக்குண்டு, ஒரு துண்டு வெண்கட்டி, சிறிதளவு மண்ணெண்ணெய் ஆகியனவே இச்சோதனைக்கு வேண்டுவன. செலவோ சிறிது, நேரமோ ஒரு முற்பகல். உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே மூலைவிட்டங்களை ஒருமுறை அளந்து, பதிவுப் புத்தகத்தோடு எழுதி வைப்பீராக. பின்னொருநாள் அது சேற்றிற் புதைய நேரின், சட்டகம் கெட்டதா இல்லையா என்பதை அவ்விலக்கங்களே உங்களுக்குச் சொல்லும்.