பிள்ளைக்கும் ஒரு கணக்கு எழுதுவோம்



சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பாஸ் புத்தகம் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எந்த மாசத்தில் கழுத்து நின்னது, எப்போ உட்கார்ந்தது என்று டாக்டர் கேட்டால், "அது தை மாசம் வாக்கில இருக்கும்ங்க" என்று இழுக்கிறோம். குழந்தை பிறந்த முதல் ஒன்றரை வருஷத்தில் அதன் வளர்ச்சியை வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது, எப்படிக் குறித்து வைப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

இது புதுப் படிப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை குப்புற விழுந்தால், வாசப்படி தாண்டினால், பல் முளைத்தால் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கம் கொடுக்கும் வழக்கம் நம்மில் பல ஊரில் உண்டு. அந்தக் காலப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியபோதும் மாசக் கணக்கு வைத்துத்தான் பாடினார்கள். ஐந்தாம் மாசம் செங்கீரை. கையைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, பிள்ளை அசைந்தாடும் பருவம் அது. ஒன்பதாம் மாசம் சப்பாணி. உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டும் பருவம். இன்றைக்கு டாக்டர்கள் சொல்லும் மாசத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எழுத என்ன வேண்டும்? சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். பிள்ளை புதுசாக ஒன்றைச் செய்த அன்றைக்கு, அந்தத் தேதிக் கட்டத்தில் "சிரிச்சா", "புரண்டான்" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி ஒரு பொட்டு வைத்தாலும் போதும், பிறகு யாராவது எழுதிக்கொள்ளலாம். வருஷம் முடிந்ததும் காலண்டரைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது கொடுத்த தாய் சேய் நல அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த மாசத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று அதிலேயே படத்தோடு போட்டிருக்கிறது.

தினமும் உட்கார்ந்து சோதிக்கவும் வேண்டாம். தடுப்பூசி போடும் நாளையே கணக்குப் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம், 9 மாசம், அப்புறம் 16 மாசத்துக்கு மேல் என்று எப்படியும் ஊசிக்குப் போகத்தான் போகிறோம்.

ஒன்றரை மாச ஊசிக்குப் போகும்போது பிள்ளை நம் முகத்தை உற்றுப் பார்க்கும். தூக்கத்தில் சிரிப்பதை நரி விரட்டுது என்பார்களே, அது கணக்கில் வராது. நாம் பேசினால் பதிலுக்குச் சிரிப்பதுதான் கணக்கு. அது 2 மாசத்தில் வந்துவிடும். மூன்றரை மாசத்தில் "ஆ, ஊ" என்று சத்தம் கொடுக்கும், நாம் நகர்ந்தால் கண்ணாலேயே பின்தொடரும். 4 மாசம் வாக்கில் கழுத்து நிற்கும். அப்புறம் புரளுவது, கை நீட்டி எட்டிப் பிடிப்பது. 6 மாசத்தில் தாங்கல் கொடுத்தால் உட்காரும், "பாபாபா, மாமாமா" என்று அடுக்கத் தொடங்கும். 9 மாச ஊசி நேரத்தில் தானாக உட்காரும், பேர் சொன்னால் திரும்பும், புது ஆளைக் கண்டால் அழும். நர்ஸம்மாவைப் பார்த்து வீறிட்டு அழுதால் சங்கடப்பட வேண்டாம், ஆள் தெரிகிறது என்று அர்த்தம். அதையொட்டி, தரையில் கிடக்கும் ஒரு பொரியைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கப் பழகும். (எடுத்ததை வாயில் போடுவதற்குள் நாம் பறித்துவிட வேண்டும்!) ஒரு வயசில் டாட்டா காட்டும், பிடித்துக்கொண்டு நிற்கும், அர்த்தத்தோடு ஒரு வார்த்தையாவது சொல்லும்.

இந்த மாசக் கணக்கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டி போட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாட்டுக் குழந்தைகளை மாசாமாசம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளே தானாக நடந்தது ஏறக்குறைய 8 மாசத்திலிருந்து பதினேழரை மாசத்துக்குள். எவ்வளவு இடைவெளி பாருங்கள்! நூற்றில் 4 பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. தவழாமலே நடந்துவிட்டார்கள். அதனால் "உன் மகன் இன்னும் நடக்கலையா?" என்று கிணற்றடியில் கேட்கிறவர்களுக்காகக் கவலைப்படாதீர்கள்.

குறை மாசத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கே வேறு. நாள் நிறைவதற்கு 2 மாசம் முன்னாலேயே பிறந்த குழந்தை என்றால், 2 வயசு வரைக்கும் அந்த 2 மாசத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 6 மாசப் பிள்ளையிடம் 4 மாசப் பிள்ளை செய்வதை எதிர்பார்த்தால் போதும். இது தெரியாமல் அழுத தாய்மார்கள் உண்டு. ஆனால் ஊசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். நம் குழு ஒன்றில் ஒரு உறுப்பினரின் பேத்தி. ரொம்ப சமர்த்து, தூளியில் போட்டால் எழவே எழாது என்று ஊரே மெச்சியது. 10 மாசத்தில் தீபாவளி வந்தது. வாசலில் சரவெடி வெடிக்க, பிள்ளை அசையாமல் தூங்கியது. அம்மாவுக்கு அன்றைக்கே மனசு திக்கென்றது. மாமியாரோ, "அவ அப்பனும் இப்படித்தான் தூங்குவான்" என்றார். மருமகள் விடவில்லை, குழுக் கூட்டத்தில் வந்து சொன்னாள். மறுவாரமே உள்கடன் 2,000 ரூபாய் கொடுத்து, கூட ஒரு ஆளையும் சேர்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு காதுமே கேட்கவில்லை என்று தெரிந்தது. இப்போது காது மெஷின் போட்டு, பயிற்சிக்கும் போய் வருகிறது. "அம்மா" என்று சொல்லிவிட்டது. மூணு வயசில் பேச்சு வரவில்லையே என்று போயிருந்தால் அத்தனை நாளும் வீண்தான். மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் மூன்று வருஷத்தில்தான் அதிகம். மெஷினால் போதவில்லை என்றால் செய்யும் காக்ளியர் அறுவை சிகிச்சையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதற்கும் சின்ன வயசிலேயே போக வேண்டும்.

காது சோதிக்கிறேன் என்று பிள்ளை முகத்துக்கு நேரே கை தட்டாதீர்கள். கை அசைவைப் பார்த்தே திரும்பிவிடும். பின்பக்கம் நின்று, அது பார்க்காதபோது கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். ஒரு தடவை திரும்பவில்லை என்றால் பயப்பட வேண்டாம், வேறொரு நேரம் மறுபடி செய்து பாருங்கள்.

மூணு மாசம் முடிந்தும் சிரிக்கவில்லை, கண் பின்தொடரவில்லை. 5 மாசமாகியும் தலை தொங்குகிறது. 9 மாசத்தில் தானாக உட்காரவில்லை. ஒரு வயசுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டுகிறது, மறு கை மூடியே இருக்கிறது. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி விறைத்துப் பின்னிக்கொள்கிறது. ஒன்றரை வயசாகியும் நடக்கவில்லை. இதில் எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும். கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை மறந்து நிறுத்தினாலோ ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் உங்கள் விருப்பம், ஆனால் டாக்டரிடம் காட்டிவிட்டு அதைச் செய்யுங்கள்.

எங்கே போவது? முதலில் கிராம சுகாதார செவிலியர் அல்லது அங்கன்வாடி டீச்சர். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு ஒன்று வேனில் அங்கன்வாடிக்கே வருகிறது. வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறை இருப்பதாகத் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை டாக்டர், காது சோதிப்பவர், பயிற்சி கொடுப்பவர் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பார்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. போகும்போது காலண்டரைச் சுருட்டி எடுத்துப் போங்கள். அது டாக்டருக்கு ரொம்ப உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாள் முழுக்கத் தூளியில் கிடக்கும் பிள்ளைக்குப் புரள இடம் ஏது? விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு நாமும் எதிரே படுத்துக் கதை பேச வேண்டும். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான். சந்தையில் 1,000, 1,500 என்று விற்கும் உருளைச் சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் போட்டால் நடை சீக்கிரம் வராது, தாமதமாகத்தான் வரும். படியில் கவிழும், அடுப்பு வரைக்கும் ஓடும். நம் மர நடைவண்டி, நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளை பெரியவர் பக்கத்தில் இருக்கத் தள்ளி விளையாடுவது, அது வேறு. செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. போன் பிள்ளைக்குப் பதில் பேசாது. வேலைக்குப் போகும் அம்மா என்றால், பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச: நம் குழு உறுப்பினர் வீடுகளில் 2 வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள்? அவர்களில் குறை மாசத்தில் பிறந்தது யார் யார்? டாக்டர் வேன் நம் அங்கன்வாடிக்குக் கடைசியாக வந்தது எப்போது, இனி எப்போது வரும்? தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக உடனடிக் கடன் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள்.