லினக்ஸ் போடும் 'பீப்' சத்தம்: அடக்குவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் டிப்ளமோ)



லினக்ஸ் டெர்மினலில் காலி வரியில் பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் பல கணினிகள் 'பீப்' என்று கத்தும். லேபில் இருபது பேர் ஒரே நேரத்தில் புரோகிராம் அடித்தால் கேட்கவே வேண்டாம்! இது எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது என்று பார்ப்போம்.

மணியின் கதை

அந்தக் காலத் டெலிபிரிண்டரில் ஆபரேட்டரைக் கூப்பிட ஒரு மணி இருந்தது. 1963-ல் வந்த ஆஸ்கி குறியீட்டில் அந்த மணிக்கு 7 என்ற எண் கிடைத்தது. நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த 7 இன்னும் டெர்மினலில் மணி அடிக்கிறது.

சத்தம் பிறக்கும் விதம்

மதர்போர்டில் உள்ள 8254 வகை டைமருக்கு நொடிக்கு 11,93,182 துடிப்புகள் வரும். அதை ஏறக்குறைய 1591-ஆல் வகுத்தால் 750 ஹெர்ட்ஸ். லினக்ஸ் கன்சோலின் வழக்கமான பீப் இதுதான். நீளம் நொடியில் எட்டில் ஒரு பங்கு. இது கேபினெட்டுக்குள் உள்ள குட்டி ஸ்பீக்கருக்கு நேராகப் போகும். மேசைத்திரையின் எச்சரிக்கை ஒலி வேறு ரகம். அது சவுண்ட் கார்டு வழியாக வரும்.

எது என்று கண்டுபிடிக்க, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்பவும் கத்தினால் குட்டி ஸ்பீக்கர்தான்.

பெருங்களத்தூரில் எங்கள் வீடு ஒரே அறை. அப்பா விடியக்காலை முதல் லோக்கல் ரயிலைப் பிடிக்கணும். நான் படிப்பதோ ராத்திரி பத்து மணிக்கு மேல். எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான்; என் படிப்பே அவர் தூக்கத்தைக் கெடுத்தால் என்ன நியாயம்? இதைத் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம்.

நிறுத்தும் வழிகள்

1. டெர்மினலில் மட்டும் நிறுத்த: வீட்டு அடைவில் 'டாட் இன்புட்ஆர்சி' கோப்பில் 'செட் பெல்-ஸ்டைல் நன்' என்று ஒரு வரி சேர்த்து, புது டெர்மினல் திறக்கவும்.

2. குட்டி ஸ்பீக்கரை நிறுத்த: 'பி.சி.எஸ்.பி.கே.ஆர்.' என்ற டிரைவரை 'சூடோ மாட்ப்ரோப் மைனஸ் ஆர்' கட்டளையால் நீக்கலாம். அடுத்த பூட்டில் திரும்பி வரும். நிரந்தரமாக வேண்டுமானால் அதை பிளாக்லிஸ்டில் சேர்க்கணும். உபுண்டுவில் இது ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது.

3. எச்சரிக்கை ஒலிக்கு: க்னோமில் செட்டிங்ஸ், சவுண்ட் போய் 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' அளவைக் குறைக்கவும். பாட வீடியோவின் சத்தம் குறையாது.

நம்ம ஊர்ப் பெருமை

கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ல் தொடங்கியபோது, சென்னை சி-டாக்குடன் சேர்ந்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். அந்த முயற்சியில் 2007-ல் வந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ். அது டெபியனை அடியாகக் கொண்டது. ஆகவே முதல் இரண்டு வழிகளும் அதற்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை

கோபத்தில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள்! ராம் கழன்றிருந்தால் திரையில் எதுவும் வராது. பயாஸ் போடும் பீப் ஒன்றுதான் நமக்குத் துப்பு. டிரைவரை நீக்கினாலும் அந்தச் சத்தம் போகாது, ஏனென்றால் அது லினக்ஸ் ஏறும் முன்பே வருவது. ஒயர் போனால் அதுவும் போச்சு.

சத்தத்தின் மூலத்தை அறிந்து, வேண்டாததை மட்டும் நிறுத்துவோம். நல்ல டெக்னீஷியனுக்கு அதுவே அழகு!